நாக்கு மரத்துப் போவது ஏன்?

தமிழ்ப் பாடவேளையில் சுவை ஆறு. மணி அடித்து அறிவியல் பாடவேளை தொடங்கினால் சுவை ஐந்து. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கும் இரண்டு பட்டியலிலும் உண்டு. தமிழில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் அறிவியல் பட்டியலில் இல்லை. அறிவியல் பட்டியலில் ஐந்தாவதாக நிற்கும் உமாமி நம் அறுசுவையில் இல்லை. மாணவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதில்லை. "இதுல எது டீச்சர் சரி?" என்ற கேள்வி ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வகுப்பில் வந்துவிடும்.

இரண்டும் சரிதான். ஆனால் "இரண்டும் சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஒரு நல்ல பாடம் கைநழுவிப் போகும். காரம் ஏன் அந்த ஐந்தில் இல்லை என்று தேடப் போனால், கிராம்பைக் கடித்தால் நாக்கு ஏன் மரத்துப் போகிறது என்பதில் போய் நிற்போம். பத்தாம் வகுப்பில் மாணவர்கள் திணறும் நரம்புத் தூண்டல் பாடத்திற்கு இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. இதற்குத் தேவையான பொருள்களும் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கின்றன.

கண்ணுக்குக் காரம் தெரியுமா?

பதில் சொல்வதற்கு முன் நான் வகுப்பிடம் ஒரு கேள்வி கேட்பேன். பச்சை மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கியவர்கள் எத்தனை பேர்? பாதி வகுப்பு கை தூக்கும். சரி, சர்க்கரை அள்ளிய கையால் கண்ணைத் துடைத்தால் கண்ணுக்கு இனிக்குமா? சிரிப்பு வரும். எலுமிச்சைச் சாறு கண்ணில் தெறித்தால் எரியும், ஆனால் புளிக்காது. அடுத்து, நெற்றியில் தலைவலித் தைலம் தேய்த்தால் என்ன ஆகிறது? "ஜில்லுனு இருக்கும், அப்புறம் லேசா எரியும்" என்பார்கள். நெற்றியில் சுவை மொட்டு இருக்கிறதா? இல்லை.

இவ்வளவு போதும். இனிப்பை உணர நாக்கும் வாயின் உட்புறத்தில் உள்ள சுவை மொட்டுகளும் வேண்டும். காரத்தை உணர அவை வேண்டியதில்லை. தொடுதல், வலி, சூடு, குளிர்ச்சி ஆகியவற்றைச் சொல்லும் நரம்புகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் காரம் தெரியும். மூளை நரம்புகள் 12 இணைகள் என்று நடத்துகிறோம். அவற்றில் ஐந்தாவது, மூன்று கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், மூக்கு, கன்னம், வாய், நாக்கின் முன்பகுதி என முகம் முழுவதும் பரவுகிறது. நெற்றித் தைலம், கண்ணில் பட்ட மிளகாய், வெங்காயம் நறுக்கும்போது வரும் கண்ணீர், நாக்கில் வைத்த கிராம்பு ஆகிய எல்லாச் செய்திகளும் இந்த நரம்பின் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. சுவைச் செய்திகளைக் கொண்டுசெல்பவை வேறு. ஏழு, ஒன்பது, பத்தாம் மூளை நரம்புகள் அவை.

துவர்ப்பும் ஏறத்தாழ இப்படித்தான். நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் உள்ள டானின்கள் உமிழ்நீரில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு குறைந்து சொரசொரப்பாகிறது. அதை உணர்வதில் தொடு உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே என் வகுப்பில் நான் சொல்வது இது. ஐந்து என்பது சுவை மொட்டுகளில் உள்ள ஏற்பிகளை வைத்து எண்ணிய கணக்கு. ஆறு என்பது உணவு வாயிலும் உடலிலும் என்ன செய்கிறது என்பதை வைத்து நம் முன்னோர் வகுத்த கணக்கு. எண்ணிய பொருள் வேறு, ஆகவே எண்ணிக்கையும் வேறு. தமிழாசிரியரும் நானும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் நடத்தியிருக்கிறோம். மாணவர்களுக்கு அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது.

பழைய சுவர்ப்படங்களில் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று நாக்கைப் பங்கு பிரித்துப் போட்டிருப்பார்கள். உங்கள் பள்ளியில் அந்தப் படம் இன்னும் தொங்கினால் கழற்றிவிடலாம். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவை மொட்டுப் பகுதிகளிலும் தெரியும்.

சொற்களைச் சேகரித்தல்

அடுத்த படி, ஆளுக்கு ஒரு மிளகும் ஒரு கிராம்பும். முதல் நாளே பெற்றோருக்குச் சொல்லி அனுப்பி, ஒவ்வாமை உள்ளவர்கள், வாய்ப்புண் உள்ளவர்கள், வேண்டாம் என்பவர்கள் ஆகியோரைப் பதிவு எழுதும் பணிக்கு விட்டுவிடுவேன். கட்டாயம் கிடையாது. மிளகைக் கடித்து ஒரு நிமிடம், வாய் கொப்பளித்துச் சிறிது இடைவெளி, பிறகு கிராம்பின் தலையை முன்பற்களால் லேசாகக் கடித்து நாக்கின் நுனியில் இரண்டு நிமிடம். விழுங்கத் தேவையில்லை, துப்பிவிடலாம். விதி ஒன்றுதான்: 'காரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், நொடிக்கு நொடி என்ன தெரிகிறது என்று எழுத வேண்டும்.

வரும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் பலகை போதாது. சுருக்குனு குத்துது. சுள்ளுங்குது. விறுவிறுங்குது. முதல்ல எரியுது, அப்புறம் ஜில்லுன்னு ஆகுது. நாக்கு தடிச்சுப்போன மாதிரி இருக்கு. நாக்கு இருக்குதா இல்லையான்னே தெரியல. ஒரு பையன் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது: "ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தா காலுல வருமே, அது இப்ப நாக்குல வருது." அவன் அறியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். கால் மரத்து மீளும்போது வரும் அந்தக் குத்தலும், வெளியே எதுவும் தொடாமலே நரம்புகள் தாமாகத் துடிப்பதால் வருவதுதான்.

இந்தச் சொற்களை மூன்று வரிசைகளாகப் பிரிக்கச் சொல்வேன். எரிச்சல் ஒன்று, குறுகுறுப்பு ஒன்று, மரப்பு ஒன்று. மிளகுக்கு எழுதியவை பெரும்பாலும் முதல் வரிசையில் விழும். கிராம்புக்கு எழுதியவை எரிச்சலில் தொடங்கி மரப்பில் முடியும். குறுகுறுப்பு வரிசையில் சொற்கள் குறைவாகத்தான் இருக்கும். அந்த வரிசைக்கு உரிய பொருள் நம் அஞ்சறைப்பெட்டியில் இல்லை, சீனாவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எரிச்சல்: பொய்யான சூட்டுச் செய்தி

நரம்பு முனைகளின் சவ்வில் சில புரதக் கதவுகள் உள்ளன. அவற்றில் ஒன்று சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும். திறந்தால் நேர்மின் அயனிகள் உள்ளே பாயும், நரம்பு "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயில் உள்ள கேப்சைசினும் இதே கதவைத் திறந்துவிடுகிறது, சூடே இல்லாதபோதும். மூளைக்கு வித்தியாசம் தெரியாது. வியர்க்க வைக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, "ஸ்… ஆ…" என்கிறோம். டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இந்தக் கதவைக் கண்டறிந்தார்கள். குளிர்ச்சிக்கு வேறொரு கதவு உண்டு. புதினா வகைகளில் உள்ள மென்தால் அதைத் திறக்கிறது என்பது 2002இல் தெரியவந்தது. சூட்டையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக ஜூலியசும் ஆர்டெம் படபூட்டியனும் 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மிளகில் உள்ள பைப்பரினும் அதே சூட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. தமிழில் புதிதாக வந்த காய்க்கு மிளகு + காய் என்று பெயர் வைத்தவர்களுக்கு ஏற்பிகள் பற்றி ஒன்றும் தெரியாது. நாக்கு சொன்னதை வைத்து வைத்தார்கள், சரியாகத்தான் வைத்தார்கள்.

இங்கே இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு செய்தி. மிளகிலிருந்து பைப்பரினை 1819இல் முதலில் பிரித்தெடுத்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். அடுத்த ஆண்டு, 1820இல், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டவரும் அவரே. மாணவர்களிடம் இதைச் சொன்னால், "ரெண்டும் ஒரே ஆளா?" என்பார்கள்.

குறுகுறுப்பு: அடைபட்ட வடிகால்

சீனாவின் தென்மேற்கில் உள்ள சிச்சுவான் மாகாணத்துச் சமையலுக்கு 'மாலா' என்றொரு சொல் உண்டு. 'மா' என்றால் மரத்துப் போதல், 'லா' என்றால் காரம். மயக்க மருந்தைக் குறிக்கும் சீனச் சொல்லிலும் இதே 'மா' இருக்கிறது. காரத்தை மிளகாய் தருகிறது. மரப்பைத் தருவது சிச்சுவான் மிளகு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்குப் போய்ச் சேருவதற்கு மிக முன்பிருந்தே அவர்கள் இதைச் சமையலில் சேர்த்து வந்திருக்கிறார்கள்.

பெயரில்தான் மிளகு. உண்மையில் அது நம் கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த முள் மரத்தின் காய். உள்ளே இருக்கும் கருப்பு விதையை எறிந்துவிட்டு, வெடித்த தோலை மட்டும் பயன்படுத்துவார்கள். இதன் உறவு மரங்கள் இந்தியாவிலும் உண்டு. கொங்கணக் கரையில் மீன் குழம்பில் போடும் திர்பல், நேபாளத்தில் துவையலுக்கு இடிக்கும் திமுர் இரண்டும் இந்த இனத்தவை. நம் ஊர் துரித உணவுக் கடைகளில் 'செஷ்வான் ஃபிரைடு ரைஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மாணவர்கள் ஏமாற வேண்டாம். அதில் பெரும்பாலும் காய்ந்த மிளகாயும் பூண்டும்தான் இருக்கும்.

சிச்சுவான் மிளகை மென்றால் உதடும் நாக்கும் அதிரத் தொடங்கும். சிறு மின்கலத்தை நாக்கில் வைத்தது போன்ற குறுகுறுப்பு. இதைச் செய்யும் பொருளின் பெயர் சான்ஷூல். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். சிலரின் உதட்டில் சிச்சுவான் மிளகைத் தடவினார்கள். கைவிரலில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்து, "உதட்டில் தெரியும் அதிர்வும் விரலில் தெரியும் அதிர்வும் ஒன்றா? எது வேகம்?" என்று கேட்டு ஒப்பிடச் செய்தார்கள். உதட்டில் அவர்கள் உணர்ந்தது நொடிக்குச் சுமார் 50 அதிர்வுகள். நம் வீட்டு மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான். தற்செயல் ஒற்றுமை, ஆனால் மாணவர்களுக்கு எண் மறக்காது. உதட்டில் உண்மையில் எதுவும் அசையவில்லை. லேசான அதிர்வை உணர்வதற்கென்றே உள்ள தொடு நரம்புகள் தாமாகத் துடித்தன.

ஏன் தாமாகத் துடிக்கின்றன? இங்கேதான் பொட்டாசியம் வருகிறது. ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். பொட்டாசியம் அயனிகள் சில சிறு வழிகளின் ஊடாக எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்துகொண்டே இருப்பதால்தான் இந்த நிலை நீடிக்கிறது.

இதைப் பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை வைத்து விளக்கலாம். தொட்டிக்குள் தண்ணீர் சன்னமாக வந்துகொண்டே இருக்கிறது. அடியில் ஒரு கசிவுக் குழாய் திறந்தே இருப்பதால் தொட்டி நிரம்பி வழிவதில்லை. யாராவது வாளி வாளியாக ஊற்றினால்தான் வழியும். அப்படி ஊற்றுவதுதான் உண்மையான தொடுதல். இப்போது அந்தக் கசிவுக் குழாயில் துணியை அடைத்துவிடுங்கள். யாரும் ஊற்றாமலே தொட்டி நிரம்பி வழியும். சான்ஷூல் அந்தத் துணி. பொட்டாசியம் கசியும் வழிகளை அது அடைக்கிறது என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொடாமலே தொட்ட செய்தி போகிறது.

சித்த மருத்துவத்தில் பயன்படும் அக்கரகாரமும் இந்த வரிசையில் வரும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த வேரை மென்றால் உமிழ்நீர் ஊறி, நாக்கு விறுவிறுத்துப் பிறகு மரக்கும். அதில் உள்ள பொருளும் சான்ஷூலும் வேதியியலில் ஒரே வகையைச் சேர்ந்தவை. வகுப்பில் சுவைக்கக் கொடுக்க வேண்டாம். வேரைக் காட்டினால் போதும்.

மரப்பு: பாதியில் நின்ற செய்தி

கிராம்பின் கதை வேறு. இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுகளில் தோன்றி உலகெங்கும் பரவியது அது. இன்று நம் கன்னியாகுமரி மலைப்பகுதியில் விளையும் கிராம்புக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நம் நாவல் மரமும் கிராம்பு மரமும் ஒரே பேரினம். நாம் வாங்குவது அதன் விரியாத பூமொட்டு. நான்கைந்து கிராம்புகளை வெந்நீரில் ஊறவைத்துத் தலையில் உள்ள உருண்டையைக் குண்டூசியால் பிரித்தால் இதழ்களும் அவற்றுக்குள் மகரந்தத்தாள்களும் வரும். ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கே செய்யலாம்.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். அது முதலில் எரிச்சல் கதவுகளைத் தட்டும்; அதுதான் முதல் சுருக். அதன் பிறகு சோடியம் வழிகளை அடைக்கும். நரம்பில் செய்தி நகர்வது என்பதே ஒவ்வோர் இடத்திலும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அடுத்த இடத்தைத் தூண்டுவதுதான். அந்த வழி அடைபட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசியும் இதே சோடியம் வழியைத்தான் அடைக்கிறது. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அது யூஜினால். துத்தநாக ஆக்சைடுடன் அதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பார்கள்.

இதை நடித்துக் காட்ட ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மாணவர்கள் கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். முதல் மாணவர் பல், கடைசி மாணவர் மூளை. முதல் மாணவரின் தோளில் நான் தட்டியதும் அவர் பக்கத்தவர் கையை அழுத்துவார், அவர் அடுத்தவர் கையை, இப்படியே போகும். செய்தி வந்ததும் மூளை "வலி!" என்று கத்த வேண்டும். இது சாதாரண நிலை. இரண்டாவது சுற்றில் நான் தட்டவே மாட்டேன். வரிசையின் முதலில் நிற்பவர் தானாகவே விடாமல் அழுத்திக்கொண்டிருப்பார். மூளை கத்திக்கொண்டே இருக்கும். இது சிச்சுவான் மிளகு. மூன்றாவது சுற்றில் நடுவில் உள்ள மூன்று பேர் கையைக் கட்டிக்கொள்வார்கள். நான் முதல் மாணவரின் தோளில் தட்டிக்கொண்டே இருப்பேன். மூளை சும்மா நிற்கும். இது கிராம்பு.

மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "டீச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டேனா?" வகுப்பு சற்று யோசித்து "இல்லை" என்று சொல்லும். அந்த "இல்லை"க்காகத்தான் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன்.

காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் இந்தப் பாடம் நடக்கும்போது ஒரு மாணவி, "எனக்குக் கிராம்பு பழக்கம்தான் டீச்சர், எங்க ஆயா தினமும் வெச்சு விடுவாங்க" என்றாள். கேட்டால் மூன்று வாரமாகப் பல்வலி. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். கீழ்க் கடைவாய்ப்பல்லில் கருப்பாகக் குழி. அந்தப் பக்கத்துக் கன்னம் லேசாகப் பருத்திருந்தது. மாலையில் அம்மாவை வரச் சொல்லிப் பேசினேன். கூலி வேலைக்குப் போகிறவர். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை: "கிராம்பு நல்லாக் கேக்குதுங்க டீச்சர். வெச்சா வலி நின்னுடுது. அது விழுற பல்லுதானே, விழுந்தா வேற முளைக்கப்போகுது."

அவருக்கு நான் வேதியியல் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்ட மூன்று பேர் கதையை மகளையே சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்: "வலி போகலம்மா, வலிக்குதுன்னு சொல்ற ஆளு வாயை மூடிட்டாங்க." அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வேர் வரை சீழ் இறங்கியிருந்ததால் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். அது பால்பல் அல்ல. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் புதிதாக முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் அது. போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்துவிடுவதால் நிறையப் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் இந்த ஒரு செய்தியை மட்டும் சொன்னாலே நிறையப் பற்கள் தப்பும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரின் பரிசோதனையில் பல்லும் சேர்த்தி. பல்லைப் பிடித்துக்கொண்டு உட்காரும் குழந்தையின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கும் எளிது.

கிராம்பே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இரவு பத்து மணிக்குப் பல் வலித்தால் விடியும்வரை அது உதவும். ஆனால் கடையில் விற்கும் கிராம்பு எண்ணெய் வேறு விஷயம். அதில் யூஜினால் செறிவாக இருப்பதால் ஈறு புண்ணாகும். சிறு குழந்தைகள் அதை விழுங்கிக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதை வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது.

மரத்த வாயோடு எதையும் மெல்லக் கூடாது என்பதையும் சொல்லிவிடுவேன். பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த குழந்தைகள் தெரியாமல் தங்கள் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது உண்டு. மூளைக்குச் செய்தி வராததுதான் காரணம். மதிய உணவு நேரத்தில் அப்படி ஒரு குழந்தை இருந்தால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கிராம்பும் மிளகும் இல்லாத ஏதோ ஓர் உணவைச் சாப்பிட்டதும் ஒரு குழந்தை "வாய் குறுகுறுங்குது, நாக்கு தடிக்குது" என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். வேர்க்கடலை, முட்டை, மீன் எதற்கும் வரும். உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு கிளம்பினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். பாடத்தின் இந்தப் பகுதியைக் கேட்ட மாணவர்கள் தம் வகுப்புத் தோழனுக்கு அப்படி வந்தால் ஓடிவந்து சொல்வார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி நிச்சயம் வரும். "அப்போ கருணைக்கிழங்கு, டீச்சர்? அதுவும் நாக்கு அரிக்குதே?" நல்ல கேள்வி, ஏனென்றால் இது மேலே சொன்ன எந்த வரிசையிலும் சேராது. கருணை, சேனை, சேம்பு ஆகியவற்றின் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடிக்கும்போது அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. இங்கே பொய்ச் செய்தி எதுவும் இல்லை, உண்மையாகவே ஊசிதான். மூளைக்குப் போவது சரியான தகவல். வீட்டில் புளி சேர்த்து நன்றாக வேகவைப்பது ஏன் என்று மாணவர்கள் அம்மாவிடம் கேட்டு வரட்டும். அடுத்த பாடவேளையை அங்கிருந்து தொடங்கலாம். பச்சைச் சேனைக்கிழங்கை நறுக்கிய இடத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு நீரில் கலந்து நழுவத்தில் வைத்தால், பள்ளியில் உள்ள சாதாரண நுண்ணோக்கியிலேயே அந்த ஊசிகள் தெரியும். கிழங்கை நறுக்குவதற்கு முன் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.